படுத்துவிட்ட கார் பேட்டரியும் பைக்குள் அடங்கும் ஜம்ப் ஸ்டார்ட்டரும்

கம்ப்யூட்டர் இதழில் கார் பேட்டரிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் அதனுடன் ஒரு யூ.பி.எஸ். வாங்கியிருப்பீர்கள். பவர் பேங்க் இல்லாத வீடும் இன்று குறைவு. இந்த இரண்டையும் தெரிந்தவர்களுக்கு ஜம்ப் ஸ்டார்ட்டர் என்னும் சாதனம் புதிய விஷயமே அல்ல. ஆனால் இந்த மூன்றையும் ஒன்றென்று நினைத்துவிட்டால் வம்பு வரும். அந்த வம்பின் வாசல் வரை நான் போய் வந்தேன்.

எங்கள் ஊர் தேவாரம். மேற்கே பார்த்தால் மலை. ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடும். ஒரு நாள் அந்த நேரத்தில் அம்மாவைத் தேனிக்கு டாக்டரிடம் அழைத்துச் செல்லக் காரை எடுத்தேன். சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மூன்று வாரமாக நின்றிருந்த கார். பக்கத்து வீட்டு ஜீப் டிரைவர் அண்ணன் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, பேட்டரி படுத்துருச்சு. உங்க கம்ப்யூட்டருக்கு யூ.பி.எஸ். இருக்குல்ல, அதுல உள்ளதும் 12 வோல்ட்டுதான? கழட்டிட்டு வாங்க, வயரைக் கொடுத்துப் பாப்போம்" என்றார்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. இரண்டிலும் 12 வோல்ட் என்றே அச்சிட்டிருக்கிறது. நானும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரை மேலும் காக்க வைக்க மனமில்லாமல் அண்ணனின் ஜீப்பிலேயே புறப்பட்டோம். கழற்றாமல் போனதே நல்லது என்று அன்று மாலை கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது.

வோல்ட் ஒன்றுதான், ஆம்பியர் வேறு

வீட்டு யூ.பி.எஸ்.களில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் பேட்டரி. சிறிய பெட்ரோல் காரில் இருப்பது 12 வோல்ட், 35 ஆம்பியர் அவர் அளவிலானது. வோல்ட்டை ஆம்பியர் அவரால் பெருக்கினால் உள்ளே எவ்வளவு சக்தி அடைந்திருக்கிறது என்பது வாட் அவரில் கிடைக்கும். யூ.பி.எஸ். பேட்டரியில் 84, கார் பேட்டரியில் 420.

இப்போது காரை ஸ்டார்ட் செய்ய எவ்வளவு தேவை என்று பார்ப்போம். 'செல்ஃப்' என்று மெக்கானிக்குகள் சொல்லும் ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரு சிறிய பெட்ரோல் எஞ்சினைச் சுழற்றத் தோராயமாக 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். அந்த நேரத்தில் பேட்டரியின் வோல்ட்டேஜ் 10 அளவுக்கு இறங்கிவிடும். 10 வோல்ட், 150 ஆம்பியர் என்று வைத்தால் 1500 வாட். உங்கள் கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். 450 வாட் என்றால் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் எவ்வளவு நேரத்திற்கு? 3 விநாடி போதும். மொத்தமாகச் செலவாவது 1.25 வாட் அவர்தான். ஒரு செல்போன் பேட்டரியில் இருப்பது இதைப்போலப் பத்து மடங்கு!

ஆக, காரை எழுப்புவதற்குத் தேவை நிறைய சக்தி அல்ல. கொஞ்சம் சக்தியை ஒரே மூச்சில் கொட்டும் திறன். மாடித் தொட்டியில் ஆயிரம் லிட்டர் இருந்தாலும் அரை அங்குலக் குழாயில் அது நூலாகத்தான் வரும். ஒரு வாளித் தண்ணீரைச் சாய்த்தால் சட்டென்று விழுந்துவிடும். யூ.பி.எஸ். பேட்டரியை அதன் இயல்பான வேலையில் 30 ஆம்பியர் அளவுக்குத்தான் கேட்கிறோம். அதன் முனைகள் மெல்லிய தகடுகள், அதில் மாட்டும் வயரும் அதற்கேற்றதே. 150 ஆம்பியரை அந்த வழியாக இழுக்கப் பார்த்தால் வோல்ட்டேஜ் விழுந்து செல்ஃப் எடுக்காது, அல்லது வயர் உருகிக் கையைச் சுடும். படுத்துக் கிடக்கும் கார் பேட்டரியும் தன் பங்குக்கு மின்சாரத்தை உறிஞ்சும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப் அடாப்டரை மாட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: அது 19 வோல்ட், தருவது மூன்று, நான்கு ஆம்பியர். அதை நினைக்கவே வேண்டாம்.

ஜம்ப் ஸ்டார்ட்டரின் உள்ளே

பார்ப்பதற்குத் தடித்த பவர் பேங்க் போலத்தான் இருக்கும். சிவப்பும் கறுப்புமாக இரண்டு பெரிய கிளிப்புகள், இடையில் தீப்பெட்டி போன்ற ஒரு சிறு பெட்டி. உள்ளே பெரும்பாலும் மூன்று லித்தியம் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் 3.7 வோல்ட், ஆக 11.1 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஆனால் 12.6. சில மாடல்களில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்கள் நான்கு இருக்கும். அவை 12.8 வோல்ட் தரும், வெப்பத்தையும் கூடுதலாகத் தாங்கும்.

கார் பேட்டரியின் மூலமான ஈய அமில பேட்டரியை பிரான்சின் காஸ்டன் பிளான்டே 1859ல் உருவாக்கினார். லித்தியம் அயான் பேட்டரியை சோனி நிறுவனம் 1991ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளம் அமைத்த மூவருக்கு 2019ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 1912ல் கேடிலாக் காரில் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வருவதற்கு முன் எஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுழற்றினார்கள். அது பின்பக்கமாக உதைத்துக் கை முறிந்தவர்கள் உண்டு.

ஜம்ப் ஸ்டார்ட்டரில் உள்ள லித்தியம் செல் லேப்டாப்பில் உள்ளது போன்றதல்ல. லேப்டாப் செல் தன் கொள்ளளவைப்போல இரண்டு, மூன்று மடங்கு ஆம்பியரைத்தான் வசதியாகத் தரும். இதில் போடுவது சில விநாடிகளுக்கு முப்பது, ஐம்பது மடங்கு வரை தரும்படி தயாரித்த செல். 4 ஆம்பியர் அவர் செல்லிலிருந்து 150 ஆம்பியர் வருவது இதனால்தான். 44 வாட் அவர் கொண்ட இந்தப் பெட்டி, 84 வாட் அவர் கொண்ட யூ.பி.எஸ். பேட்டரியால் முடியாததைச் செய்கிறது.

அந்தத் தீப்பெட்டி அளவுப் பெட்டிதான் இதன் மூளை. கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் மெமரி இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா என்று அது தானே சோதித்துக்கொள்கிறதல்லவா? இதுவும் அப்படித்தான். கிளிப்பை மாட்டியவுடன் பிளஸ், மைனஸ் சரியா, கிளிப்புகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா, கார் பேட்டரியில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று பார்க்கும். எல்லாம் சரி என்றால் பச்சை விளக்கு. இல்லையென்றால் சிவப்பும் 'பீப்' ஒலியும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் காரின் டைனமோவிலிருந்து மின்சாரம் திரும்பிப் பெட்டிக்குள் பாய்வதையும் தடுக்கும்.

பல மாடல்களில் 'பூஸ்ட்' என்றொரு பட்டன் இருக்கும். கார் பேட்டரி அறவே காலியாகி இரண்டு வோல்ட்கூட இல்லையென்றால், அங்கே பேட்டரி இருப்பதே சாதனத்திற்குத் தெரியாது. அப்போது இதை அழுத்தினால் சோதனைகளைத் தாண்டிக் கிளிப்பில் மின்சாரம் வந்துவிடும். பாதுகாப்பும் அத்துடன் போய்விடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கிளிப்பை மாற்றி மாட்டிவிட்டு இதை அழுத்தினால் காரில் உள்ள எலெக்ட்ரானிக் பாகங்கள் போகும். இருமுறை சரிபார்க்காமல் அந்தப் பட்டன் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள்.

அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்கள்

மல்ட்டிமீடியா ஸ்பீக்கர்களின் பெட்டியில் '1000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று போட்டிருந்த காலம் நினைவிருக்கிறதா? உள்ளே திறந்தால் பத்து வாட் தேறாது. ஜம்ப் ஸ்டார்ட்டரிலும் அதே கதை. '1000 ஆம்பியர் பீக்', '2000 ஆம்பியர் பீக்' என்று பெரிய எழுத்தில் இருப்பது கண் இமைக்கும் நேரத்திற்குக் கிடைப்பதாகச் சொல்லப்படும் அளவு. உங்களுக்கு வேண்டியது 'ஸ்டார்ட்டிங் கரன்ட்' அல்லது 'கிராங்கிங் கரன்ட்' என்று சிறிய எழுத்தில் இருப்பது. அது பெரும்பாலும் பீக் எண்ணில் பாதிக்கும் கீழே இருக்கும். அந்த எண்ணையே போடாத பொருளை நான் வாங்கமாட்டேன்.

அடுத்தது '12,000 எம்.ஏ.எச்.' என்பது. இது மூன்று செல்களையும் கூட்டிச் சொன்ன கணக்கு. ஒவ்வொரு செல்லும் 4,000. அவற்றை வரிசையாக இணைக்கும்போது வோல்ட்தான் கூடுமே தவிர எம்.ஏ.எச். கூடாது. எனவே வாட் அவர் எவ்வளவு என்று பாருங்கள். 44.4 என்று போட்டிருந்தால் கணக்கு நேர்மையாக இருக்கிறது. லித்தியம் செல்களுக்கு நம் நாட்டில் பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். ஐ.எஸ். 16046 என்னும் தர எண்ணும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பிறகு உங்கள் எஞ்சினின் அளவு. '6 லிட்டர் பெட்ரோல், 3 லிட்டர் டீசல்' என்பது போலப் போட்டிருப்பார்கள். டீசல் எஞ்சினில் காற்றை அதிகமாக அழுத்த வேண்டியிருப்பதால் செல்ஃப் இழுக்கும் ஆம்பியரும் கூடுதல். இதை நான் சும்மா ஏட்டிலிருந்து சொல்லவில்லை. என் சிறிய பெட்ரோல் காருக்கென்று ஒரு சின்னப் பெட்டியை வாங்கி வைத்தேன். சில மாதம் கழித்து, போடிமெட்டுக்கு மேலே பனியில் இரவு முழுவதும் நின்ற அண்ணனின் டீசல் ஜீப் காலையில் எழவில்லை. நான் பெருமையாக என் பெட்டியை நீட்டினேன். எஞ்சின் இரண்டு சுற்று சோம்பலாகச் சுற்றி நின்றுவிட்டது. மூன்று முறை பார்த்தோம். பெட்டி சூடானதுதான் மிச்சம். கடைசியில் வேறொரு ஜீப்பிலிருந்து தடித்த ஜம்ப்பர் கேபிள் போட்டுத்தான் கிளம்பினோம். குளிரில் பேட்டரியின் வேதிவினை மந்தமாகிவிடும். எஞ்சின் ஆயிலும் கெட்டியாகிவிடும். நம் சமவெளியில் பழகிய பேட்டரி 4,000 அடிக்கு மேலே போய்த் திணறுவது இதனால்தான். சமவெளியின் வெயில் பேட்டரியின் ஆயுளை உண்ணும், மலைக்குளிர் அதன் மிச்ச பலத்தைக் காட்டிக்கொடுக்கும்.

பயன்படுத்துவது எப்படி?

முதலில் உண்மையிலேயே பேட்டரிதானா என்று பாருங்கள். செல்ஃப் நன்றாகச் சுழன்றும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் குறை வேறு இடத்தில். 'டிக் டிக்' என்று மட்டும் கேட்டு, உள்விளக்கு மங்கினால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கிறதா, கிளாம்ப் கையால் திருகினாலே ஆடுகிறதா என்று பாருங்கள். அதைச் சுத்தம் செய்து இறுக்கியவுடன் வண்டி கிளம்பிய கதைகள் ஏராளம். மல்ட்டிமீட்டர் இருந்தால் நல்லது. 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைவு, 12 என்றால் கால்வாசிதான் மிச்சம், 11.8க்குக் கீழே போனால் படுத்துவிட்டது.

பேட்டரி உப்பியோ வெடிப்பு விட்டோ அமிலம் கசிந்தோ இருந்தால் ஜம்ப் ஸ்டார்ட் செய்யவே கூடாது. சார்ஜ் ஆகும் ஈய அமில பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு சிறு பொறி போதும், பேட்டரி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும். பீடி, சிகரெட் பற்றவைத்தவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். குனிந்து முகத்தை நேரே கொண்டுபோகாதீர்கள்.

ஹெட்லைட், ஏ.சி., பாட்டு எல்லாவற்றையும் ஆஃப் செய்திடுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக் போடுங்கள். ஜம்ப் ஸ்டார்ட்டர் ஆஃப் நிலையில் இருக்கும்போதே சிவப்புக் கிளிப்பைப் பிளஸ் முனையில் மாட்டுங்கள். கறுப்பை, பேட்டரியிலிருந்து சற்றுத் தள்ளி எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் மாட்டுவது நல்லது. சில தயாரிப்புகள் மைனஸ் முனையிலேயே மாட்டச் சொல்லும். கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள். இப்போது ஆன். பச்சை விளக்கு வந்ததும் சாவியைத் திருகலாம். மூன்று விநாடிக்கு மேல் வேண்டாம். எடுக்காவிட்டால் அரை நிமிடம் விட்டு மறுபடி. மூன்று நான்கு முறைக்கு மேல் முயன்றால் கெடப்போவது உங்கள் பெட்டி அல்லது செல்ஃப்.

எஞ்சின் ஓடியதும் பெட்டியை ஆஃப் செய்து, கறுப்பை முதலில் கழற்றுங்கள், பிறகு சிவப்பு. அரை நிமிடத்திற்குள் இதை முடித்துவிடுங்கள். எஞ்சினை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்! இந்தப் பெட்டி உங்கள் பேட்டரியைச் சார்ஜ் செய்யவில்லை, ஒரு கைமாற்றுக் கொடுத்திருக்கிறது, அவ்வளவே. டீ குடிக்கலாம் என்று வழியில் நிறுத்தினால் மறுபடி அதே 'டிக்'. அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். அதுவும் பேட்டரியை முழுதாக நிரப்பாது. வீடு திரும்பியதும் முறையான சார்ஜரில் போடுவது உத்தமம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். 12 அளவிலேயே நின்றால் டைனமோ சார்ஜ் செய்யவில்லை. அந்த நிலையில் மலைப்பாதையில் கிளம்பவே கிளம்பாதீர்கள்.

தள்ளினால் போதாதா?

போதும், சில வண்டிகளுக்கு. எங்கள் பக்கத்து ஜீப் டிரைவர்கள் இறக்கத்தைப் பார்த்து நிறுத்துவதே இதற்காகத்தான். இரண்டாவது கியரில் வைத்து உருட்டி, கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சமதளத்தில் நான்கு பேர் தள்ளினால் கவலை இல்லை. ஆனால் கொண்டை ஊசி வளைவுகள் உள்ள இறக்கத்தில் உருட்டுவது வேறு விஷயம். இன்றைய கார்களில் பிரேக்கை இலகுவாக்கும் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் எஞ்சின் ஓடினால்தான் வேலை செய்யும். எஞ்சின் பிடிக்காமல் வண்டி மட்டும் வேகம் எடுத்தால் பிரேக் கல்லாக இருக்கும், ஸ்டீயரிங் திரும்பாது, அடுத்த வளைவு வந்துவிடும். சாவியைப் பின்னுக்குத் திருகிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். முன்னால் பனி, பக்கத்தில் பள்ளம் என்று இருக்கும் இடத்தில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஆட்டோமேட்டிக் கார்களை எங்கேயும் இப்படி எழுப்ப முடியாது.

எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் நமக்கு இல்லை இந்தத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். அதிலும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று தனியாக உண்டு. அது படுத்துவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் விழிக்காது. ஆனால் அங்கே சுழற்ற எஞ்சின் இல்லை என்பதால் சிறிய ஜம்ப் ஸ்டார்ட்டரே போதும். கையேடு காட்டும் முனைகளில் மட்டும் மாட்டுங்கள். ஆரஞ்சு நிற வயர்களைத் தொடாதீர்கள்.

என் கார் ஏன் படுத்தது?

நானே மாட்டிய டேஷ் கேமராதான் காரணம். நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்யட்டும் என்று, சாவி போட்டால்தான் வேலை செய்யும் ஃபியூஸில் கொடுக்காமல் எப்போதும் மின்சாரம் உள்ள ஃபியூஸில் கொடுத்திருந்தேன். ஒன்றும் மாட்டாத காரே அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் நினைவகம் என்று 20 முதல் 50 மில்லி ஆம்பியர் இழுக்கும். 50 என்று வைத்தால் 35 ஆம்பியர் அவர் பேட்டரி 700 மணி நேரத்தில், அதாவது ஒரு மாதத்திற்குள் வறண்டுவிடும். கேமராவோ ஜி.பி.எஸ். கருவியோ சேர்ந்தால் சில நாட்களே. வெளியூரில் வேலை பார்த்து, ஊர் வீட்டில் காரை விட்டு வைப்பவர்கள் மைனஸ் முனையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். திரும்பி வந்து மாட்டினால் கடிகாரத்தைத் திருத்த வேண்டியிருக்கும்; சில கார்களில் மியூசிக் சிஸ்டம் ரகசிய எண் கேட்கும், அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜம்ப் ஸ்டார்ட்டரையும் வாங்கிப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். பயன்படுத்திய அன்றே சார்ஜ் செய்யுங்கள். பயன்படுத்தாவிட்டாலும் மூன்று மாதத்திற்கு ஒரு முறை எத்தனை விளக்கு எரிகிறது என்று பாருங்கள். 10 வாட் செல்போன் சார்ஜரில் போட்டால் நிறைய ஐந்து மணி நேரமாவது ஆகும். உடல் உப்பியிருந்தால் உடனே ஒதுக்கி, பழைய பேட்டரி வாங்கும் இடத்தில் கொடுங்கள். குப்பையில் போட வேண்டாம். சித்திரை வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு அதை வைக்கும் இடமே அல்ல. பயணம் இல்லாத நாட்களில் என்னுடையது யூ.பி.எஸ். பக்கத்திலேயே இருக்கிறது. அண்ணன் இப்போது தன் ஜீப்புக்கென்று பெரியதாக ஒன்று வாங்கிவிட்டார். வாங்குவதற்கு முன் பெட்டியின் படத்தை எனக்கு அனுப்பி, "தம்பி, இதுல சின்ன எழுத்துல என்ன போட்டிருக்கு, பாருங்க" என்று கேட்டார்.